அரக்கன் மூச்சு நின்ற ஞாயிற்றுக்கிழமை

மேற்கு ஜெர்மனியில் நான் இருந்தது ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் பார்த்தது ஒரு சிற்றூர், ஒரு தொழிற்சாலை, ஒரு காடு, அவ்வளவுதான். போய் வந்த எனக்கு மாளிகைகளைப் பற்றியும் நதிகளைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் புதிதாக ஆரம்பித்த மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைக்கு, டப்பாவுக்கு மூடி பதிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வர முதலாளி இரண்டு பேரை அனுப்பினார். ஒருவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். டிப்ளமா முடித்தவன், இங்கிலீஷில் பேசிச் சமாளிப்பேன் என்று அனுப்பினார்கள். இன்னொருவர் பசப்பா அண்ணன், ஓசூரை அடுத்த தளிக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். மூன்றில் எதையும் படிக்க வராது. ஆனால் ஓடுகிற இயந்திரத்தின் அருகில் காதைக் கொண்டுபோனால் போதும், எந்தப் பல்சக்கரத்துக்கு வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே இயந்திரம் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறியிருந்தது. அதே மாதிரி இன்னொன்றில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மைஸ்டர், 'இந்த இருவரும் துணையில்லாமல் ஓட்டுவார்கள்' என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். இடாவிட்டால் கம்பெனியின் ஆள் ஒருவர் கிருஷ்ணகிரிக்கு வந்தால்தான் பெட்டியையே பிரிக்க முடியும். அவருக்கு ஆகஸ்டில்தான் ஒழியும் என்றார்கள். ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் மாங்கொட்டைதான் மிஞ்சியிருக்கும்.

மைஸ்டர் என்றால் நம்மூர் மேஸ்திரிதான். ஐம்பது வயது, நரைத்த புருவம், மார்புப் பையில் மூன்று பென்சில். போரில் பிடிபட்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது இங்கிலீஷ் கற்றவர். சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். மூன்று வாரம் அவரிடம் கற்ற பிறகும், நான்காவது திங்கட்கிழமை காலை, என் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை" என்றார்.

அங்கே எந்த வேலைக்கும் முதலில் ஒரு தாள் எழுத வேண்டும். அதில் ஆறு கட்டம். என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன கருவி, எந்த ஆள், என்ன கெடலாம், கெட்டால் என்ன செய்வது. முதல் நான்கையும் நான் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தேன். கடைசி இரண்டும் எல்லாத் தாளிலும் வெறுமையாக இருந்தன.

"சோம்பலா?" என்று கேட்டார்.

சோம்பல் இல்லை. எங்கள் வீட்டுக்கு எழுத்து வந்ததெல்லாம் தபால் வழியாகத்தான். சாவுச் செய்தி வந்த கார்டை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்டதும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஒரு காரியம் ஆரம்பிக்கும்போது அது கெட்டுப்போவதைப் பற்றி வாயால் சொன்னாலே அம்மா உதட்டில் தட்டுவாள். நானோ பேனாவால், அதுவும் கட்டம் போட்டு எழுதுவதா? புது இயந்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவோம். அது உடையப் போகிற விதங்களை வரிசையாக எழுதி அதன் தலைமாட்டில் மாட்ட மாட்டோம். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது.

மைஸ்டர் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். பிறகு, "பக்கத்தில் காட்டுக்குள் ஒரு கதைப் பூங்கா இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மூடியிருந்தார்கள், இந்த ஞாயிறு திறக்கிறார்கள். என் மகள் மோனிகா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பயணத்துக்கு நீ தாள் எழுது. நானும் என் மனைவியும் மோனிகாவும் நீங்கள் இருவரும். ஞாயிறன்று நான் வாயைத் திறக்க மாட்டேன். தாள் சொல்கிறபடி நடப்பேன்" என்றார்.

பசப்பா அண்ணனிடம் சொன்னேன். "என்னா பூங்காப்பா அது?"

"கதையில வர்றதெல்லாம் பொம்மையா செஞ்சு காட்டுக்குள்ள வெச்சிருக்காங்களாம். அரக்கன், பேசற மரம், அப்படி. பொம்மைங்க அசையுமாம்."

"நம்ம தேர்த்திருவிழாவுல அரிச்சந்திரன் பொம்மை வெப்பாங்களே, அது மாதிரியா?"

"தெரியல அண்ணே."

"அசையுமுன்னா உள்ளாற யாரு வேலை செய்யறாங்கன்னு பாக்கணும்" என்றார். அவருக்கு அரக்கனைவிட அரக்கனின் வயிறுதான் முக்கியம்.

செவ்வாயிலிருந்து சனி வரை, வேலை விட்டதும் திட்டம் போட்டேன். பேருந்து நிற்கிற இடத்தில் நேரங்களை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஒன்பது ஏழு, பத்து முப்பத்தேழு என்று. இப்படி ஒருவர் எழுதுவதையும், பேருந்து அதற்குக் கட்டுப்படுவதையும் பார்க்க மூன்று நாள் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். மூன்று நாளும் ஆறு ஏழு பேருந்து ஆறு ஏழுக்கே வந்தது. ஓசூரில் தளி பேருந்து எப்போது புறப்படும் என்று கேட்டால், 'டிரைவர் டீ குடிச்சிக்கினு இருக்காரு' என்பதுதான் நேரம்.

எங்கே இறங்க வேண்டும் என்று தபால்காரரைக் கேட்டு, எத்தனையாவது நிறுத்தம் என்று எழுதிக்கொண்டேன். பூங்காவில் பெரிய அரக்கன் ஒருவன் தூங்குகிறான், காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் மட்டும் கண் விழிப்பான் என்று கடையில் ஓர் அம்மாள் சொன்னாள். பதினொன்று என்று எழுதினேன். சாப்பாட்டுக்கு அரை மணி, வாத்துக் குளத்துக்கு இருபது நிமிடம். சனிக்கிழமை சாயங்காலம் தாள் நிறைந்துவிட்டது. கடைசி இரண்டு கட்டம் தவிர.

அறையில் பசப்பா அண்ணன் களி கிண்டிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவு தீரப்போகிற நேரம்; அந்த ஊர்ச் சாப்பாட்டில் ரொட்டி கறுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும், மற்றதெல்லாம் மாமிசம். துடுப்பைப் பிடித்தபடி, "அந்த ரெண்டு கட்டம் ஏன் காலியா கெடக்குது?" என்றார். படிக்கத் தெரியாவிட்டாலும் காலி இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா அதை எழுதணுமா அண்ணே?"

"எழுதாட்டி அந்த ஆளு கையெழுத்து போடுவானா?"

"பயணம் நல்லா முடிஞ்சா போடுவார்."

அவர் களியைத் திருப்பிப் போட்டார்.

ஞாயிறு காலை மழை கலந்த பனி தூவியது. மைஸ்டர் குடும்பம் எட்டு ஐம்பதுக்கே நிறுத்தத்தில் இருந்தது. அவர் மனைவி உருண்டையான, கலகலப்பான பெண்மணி. கூடையில் அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, ஆப்பிள் எடுத்து வந்திருந்தார். மோனிகாவுக்கு ஏழு வயது. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பசப்பா அண்ணனின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கெல்லாம் உட்கார இடம் கிடைக்க வேண்டுமே என்பதுதான் என் அப்போதைய கவலை.

இருபது அடி தள்ளி ஒரு பேருந்து நின்றது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கால்கள் என்னைக் கேட்காமல் ஓடின. பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. தோளில் இருந்த துண்டை உருட்டி உள்ளே ஓர் இருக்கைமேல் வீசினேன். ஓசூர் பேருந்து நிலையத்தில் எத்தனையோ தடவை செய்தது. துண்டு விழுந்த இடம் நம் இடம். அதை யாரும் தொட மாட்டார்கள். திரும்பி வந்து, "இடம் பிடித்துவிட்டேன்" என்றேன்.

அந்தப் பேருந்து என் துண்டோடு காலியாகக் கொட்டகைக்குப் போய்விட்டது. ஒன்பது ஏழுக்கு எங்கள் பேருந்து, நாங்கள் நின்ற இடத்துக்கே, பாதிக்கு மேல் காலி இருக்கைகளோடு வந்தது. துண்டின் முனையில் முடிந்து வைத்திருந்தது என் திட்டத் தாள்.

பேருந்தில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுகிறவரே சீட்டுக் கொடுத்தார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கூவ ஆளில்லை. ஏழாவதா, ஒன்பதாவதா என்று மண்டையைக் குடைந்தேன். எழுதிவிட்டதால் மனப்பாடம் செய்யாமல் விட்டிருந்தேன். மைஸ்டரைப் பார்த்தேன். அவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், வாக்குக் கொடுத்த மாதிரியே. ஓட்டுநரைக் கேட்கலாம் என்று பார்த்தால், ஓட்டும்போது பேசக் கூடாது என்று படம் போட்ட பலகை. ஏழாவதில் எல்லாரையும் இறக்கினேன்.

பேருந்து போன பிறகு பார்த்தால் சுற்றிலும் ஊசியிலைக் காடு. ஒரு கம்பம், அதில் ஓர் அம்பு. மைஸ்டர் அதைப் படித்துவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "தாளில் ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதியிருந்தாய்?"

"ஒன்றும் எழுதவில்லை."

"சரி" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

இறங்கியிருக்க வேண்டியது ஒன்பதாவது நிறுத்தம்; அம்பு காட்டிய வழியில் நான்கு மைல் நடந்தோம். மைஸ்டர் மனைவியின் செருப்பு நனைந்து சதக் சதக் என்றது. மோனிகாவைப் பசப்பா அண்ணன் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் கன்னடத்தில் பேச, அவள் ஜெர்மனில் பேச, இரண்டு பேரும் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். "இந்தக் காட்டுல யானை கெடையாதா?" என்று ஒரு தடவை என்னைக் கேட்டார். தேன்கனிக்கோட்டைக் காட்டில் நடக்கும்போது பின்னால் காது வைத்துக்கொண்டே நடப்போம். இங்கே பயப்பட ஒன்றுமே இல்லை. அந்த நிசப்தத்தில், மரங்களின் அடியில் மிஞ்சியிருந்த பனித்திட்டுகளின் நடுவே நடந்தபோது, என் வெட்கத்தையும் மீறி, இப்படியும் ஓர் உலகம் இருக்கிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பூங்காவை அடைந்தபோது பதினொன்றரை. அரக்கன் விழித்துவிட்டுத் திரும்பத் தூங்கிப் போயிருந்தான். மோனிகா அழவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதைவிட அழுதிருக்கலாம்.

உள்ளே பார்த்ததை எப்படிச் சொல்வேன். பாசி படிந்த கூரையுடன் இடுப்பளவு வீடுகள். ஒரு வீட்டில் ஆள் உயர முயல் ஒன்று செருப்புத் தைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது. ஒரு குளத்தைச் சுற்றி மரப்பெண் ஒருத்தி மர வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனாள். அவற்றின் பின்னாலேயே நிஜ வாத்துகளும் நடந்தன. ஒரு கிழ மரம் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து இருமியது. நான் பின்னால் நகர்ந்தேன். நான் டிப்ளமா படித்தவன். உள்ளே மோட்டாரும், பொம்மையை அசைக்கும் முட்டை வடிவச் சக்கரமும் இருப்பது தெரியும். தெரிந்துமே கைகூப்பத் தோன்றியது.

எல்லாவற்றுக்கும் நடுவே அரக்கன். பேருந்து நீளத்துக்குப் படுத்திருந்தான். தாடியில் குருவிக்கூடு. மார்பு ஏறி இறங்கியது. ஏறும்போது சட்டைப் பொத்தான்கள் விலகின, இறங்கும்போது மூக்கிலிருந்து புகைபோல் ஆவி வந்தது. நூறு குழந்தைகளுக்கு மேல் சுற்றி நின்றும் சத்தமில்லை. அவன் எழுந்துவிடுவான் என்று கிசுகிசுத்தார்கள். அவனை எழுப்பாமல் பேச வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

மூன்று மணிக்கு முன்பே போய் மோனிகாவை முன்வரிசையில் நிறுத்தினோம். மணி அடித்தது. அரக்கன் பெருமூச்சு ஒன்று இழுத்தான். மார்பு உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் எல்லாரும் காத்திருந்தோம். ஒரு சின்னக் குழந்தை விசும்பியது. மோனிகா திரும்பி அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். செத்துட்டானா என்று கேட்டிருப்பாள். எந்த மொழியில் கேட்டாலும் அந்த முகம் அதைத்தான் கேட்கும்.

"பெல்ட் போச்சு" என்றார் பசப்பா அண்ணன் என் காதில். "மோட்டார் சும்மா சுத்துது, கேளு."

உடனே, கதையில் வருகிற மாதிரி உடுத்திய ஒரு பெண், குழந்தைகளுக்கு முன்னால் வந்து, உதட்டில் விரலை வைத்து மெல்ல ஏதோ சொன்னாள். விசும்பல் அடங்கியது. அதே நேரம் அரக்கனின் முதுகுப் பக்கப் புதரிலிருந்து எண்ணெய்க் கையோடு ஒருவர் வந்து, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு ஆள் வேண்டும் என்று இரண்டு விரலைக் காட்டினார். மைஸ்டர் எங்கள் இருவர் முதுகிலும் கைவைத்து முன்னால் தள்ளினார்.

புதருக்குப் பின்னால் ஒரு கதவு. உள்ளே அரக்கனின் வயிறு. மரச் சட்டங்கள், தோல் துருத்தி, அறுந்து தொங்கும் பெல்ட். அந்த மெக்கானிக் பசப்பா அண்ணனிடம் ஒரு கைச்சக்கரத்தையும் என்னிடம் ஒரு கயிற்றையும் காட்டிவிட்டு, புது பெல்ட்டோடு தரையில் படுத்தார். கயிறு அரக்கனின் இமைக்குப் போகிறது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டத்தில் ஒரு தாள் மாட்டியிருந்தது. ஆறு கட்டம். தலைப்புச் சொற்களை நான்கு வாரமாகப் பார்த்துப் பழகியிருந்ததால் மொழி தெரியாமலே படித்தேன். முதல் நான்கு கட்டமும் சின்னவை. கடைசி இரண்டும் தாளை முக்கால்வாசி பிடித்துக்கொண்டு, கீழே இன்னொரு தாள் ஒட்டியும் போதாமல் நீண்டிருந்தன. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மையில், ஒவ்வொரு கையெழுத்தில். இந்த அரக்கன் எத்தனை விதமாக நின்றுபோயிருக்கிறான் என்ற வரலாறு அது. வெளியே நூறு குழந்தைகள் நம்பிக்கொண்டிருக்கும் அந்த மூச்சு, இந்தக் கட்டங்களின் மேல்தான் ஏறி இறங்குகிறது.

பசப்பா அண்ணன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கண்ணை மூடி, தன் மூச்சை மெதுவாக்கி, அதற்கேற்பச் சுற்றினார்.

"வேகமா வேணாமா அண்ணே?"

"தூங்கறவன் மூச்சுப்பா. எங்கூட்டு எருமை தூங்கறத எத்தினி பாத்திருக்கேன். நீ கயிறப் பாரு."

துருத்தி உறுமியது. வெளியே குழந்தைகள் ஒரே குரலில் 'ஆ' என்றார்கள். மெக்கானிக் படுத்தபடியே கையை உயர்த்தினார். நான் கயிற்றை இழுத்தேன். பலகை இடுக்கு வழியாக மோனிகா தெரிந்தாள். அரக்கன் கண்ணைத் திறந்ததை நான் அவள் முகத்தில்தான் பார்த்தேன்.

திரும்பும்போது பேருந்தில் மைஸ்டர் மனைவி தன் கணவர் மூலமாகச் சொன்னார், குழந்தைகளிடம் அந்தப் பெண் சொன்னது என்ன என்று. 'அரக்கன் கனவு காண்கிறான், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.' அதையும் யாரோ முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கெட்டால் என்ன செய்வது என்ற கட்டத்தில் இரண்டு ஆள் கூப்பிடு என்பது மட்டுமில்லை, குழந்தைகள் பயப்படுவார்கள் என்பதும் இருந்திருக்கிறது.

"தேருக்குக் கட்டை போடற ஆளு" என்றார் பசப்பா அண்ணன் திடீரென்று. "தேர் கெளம்பும்போதே கையில கட்டையோடதான கூட நடக்கறான். அபசகுனம்னு அவன யாராச்சும் வெரட்டறாங்களா?"

அன்று சாயங்காலமே உட்கார்ந்து டப்பா மூடும் இயந்திரத்துக்கு எழுதினேன். முதல் வரியை எழுதுமுன் உதட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூடியின் மடிப்பு சுருங்கினால். உருளை சூடேறினால். மின்சாரம் போனால், கிருஷ்ணகிரியில் அது போகும். கூழ் வழிந்து எறும்பு வந்தால். அண்ணன் சொல்லச் சொல்ல நாற்பத்தொரு வரி வந்தது.

திங்களன்று மைஸ்டர் எல்லாவற்றையும் படித்தார். எறும்பு வரியில் மட்டும் புருவம் ஏறியது. பிறகு பென்சிலை எடுத்து, நாற்பத்திரண்டாவதாக ஒரு வரி சேர்த்தார். 'இதைப் படிக்கத் தெரிந்தவர் அன்று வரவில்லை என்றால்?'

எதிரில் இருந்த கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். பசப்பா அண்ணனுக்குப் படிக்க வராது என்று நான் சொன்னதே இல்லை. மைஸ்டர் நான்கு வாரமாகக் கவனித்திருக்கிறார்.

நாங்கள் புறப்படுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நான் நான்கைந்து வரிகளைப் படிப்பேன். பசப்பா அண்ணன் ஒவ்வொன்றையும் கன்னடமாக்கித் திருப்பிச் சொல்வார். உருளைக்கிழங்கு உரித்தபடி, துணி அலசியபடி, நடந்தபடி. சில வரிகளைத் திருத்தினார். "எடது உருளையத் தளர்த்துன்னு எழுதியிருக்கற. முதல்ல நிறுத்துன்னு எழுது. இல்லாட்டி வெரல் போயிடும்" என்றார். அதையும் திருத்தி எழுதினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை மைஸ்டர் என்னைக் கூடத்துக்கு வெளியே அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உள்ளே இயந்திரத்தோடு பசப்பா அண்ணன் மட்டும். மைஸ்டர் குனிந்து எதையோ திருகிவிட்டு விலகி நின்றார். என்ன திருகினார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் ஓட்டினார். டப்பாக்கள் வந்தன. ஏழோ எட்டோ வந்ததும் சட்டென்று நிறுத்தினார். காதை வைத்தார். மூடியில் விரலை ஓட்டினார். அவர் உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, எந்த வரி என்று மட்டும் தேடினேன். அவர் கை இடது உருளைக்குப் போனது. முதலில் நிறுத்து என்று அவரே திருத்திய பதினொன்றாவது வரி.

திரும்ப ஓட்டினார். மைஸ்டர் ஒரு டப்பாவை எடுத்து வெந்நீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குமிழி வந்தால் மடிப்பில் ஓட்டை என்று பொருள். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த 'துணையில்லாமல் ஓட்டுவார்கள்' தாளில் கையெழுத்திட்டு, அதைப் பசப்பா அண்ணன் பக்கம் தள்ளினார்.

அண்ணன் மைப்பெட்டி எங்கே என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு உருளையின் மேலிருந்த கறுப்பு மசகில் கட்டைவிரலை ஒற்றி, மைஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே அழுத்தினார்.